அஞ்சு, ஒண்ணு, ஒண்ணு

“ஒரு ஃபாரத்துல ரெண்டு பேரு எழுத எடம் இருக்குமா?” என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் என்னைக் கேட்டாள்.

குழாயடியில் உட்கார்ந்து இரும்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் தூக்கவில்லை, சட்டியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். இருக்காது என்றேன். பெயர் எழுத இருபத்து நாலு கட்டம்தான் விட்டிருந்தார்கள். அவள் கணவர் கொத்தனாருடைய பெயரையும் அவர் அப்பா பெயரையும் எழுதினாலே அது நிரம்பிவிடும்.

“அப்ப ரெண்டு ஃபாரமா வாங்கணும்” என்று சொல்லிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். மற்றவர்கள் உப்பு வாங்க வேண்டும் என்று சொல்வார்களே, அந்தத் தொனியில்.

அது இரண்டாவது தடவை. முதல் தடவை ஒரே ஃபாரம்தான். அதிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் வீடும் கொத்தனார் வீடும் ஒரே முற்றத்தில் இருந்தன. இரண்டு வீட்டுக்கும் ஒரு குழாய், ஒரு துணிக்கொடி, நடுவில் ஒரு சுவர். அரைக்கல் கனமுள்ள சுவர் அது. அந்தப் பக்கம் கொத்தனார் தும்மினால் இந்தப் பக்கம் அம்மாவின் தையல் மிஷின் மேலிருக்கும் நூல்கண்டு உருளும். “இதக் கட்டினவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்” என்று கொத்தனார் வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். இடித்துக் கட்ட வீட்டுக்காரர் விடவில்லை. தான் கட்டாத சுவர் பக்கத்தில் படுக்கிறோமே என்பது ஒன்றுதான் அவருக்கு வாழ்க்கையில் குறை.

அவர் கட்டிய சுவர்களைப் பற்றி யாரும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்ப்பதே மற்றவர்கள் திருப்திக்குத்தான், அவருக்குக் கண்ணே போதும் என்பார்கள். அவர் மேலே சாரத்தில் நிற்பார். அக்கா கீழே மணலும் சிமெண்டும் தண்ணீரும் சேர்த்துக் கலவை போடுவாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். ஒவ்வொரு கலவை தயாராகும்போதும் கீழேயிருந்து ஒரு குரல் கொடுப்பாள்: “அஞ்சு, ஒண்ணு, ஒண்ணு!” மணல் அஞ்சு சட்டி, சிமெண்ட் ஒரு சட்டி, தண்ணீர் ஒரு சட்டி. அந்தக் குரல் மேலே போய்ச் சேர்வதற்குள் கொத்தனார் தன் பலகையிலிருந்த பழைய கலவையை வழித்துப் போட்டுவிட்டுக் கரண்டியோடு தயாராக நிற்பார். தெருவில் எந்தக் கட்டடத்தில் வேலை நடக்கிறது என்பதை நாங்கள் அந்தக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம்.

அக்காவின் தம்பி பெயிண்டர். வாரத்தில் நாலு நாள் சாப்பாடு அக்கா வீட்டில்தான். “எங்கக்கா சோறு போடறதும் அதே கணக்குதான். சோறு அஞ்சு, குழம்பு ஒண்ணு, தண்ணி ஒண்ணு. குழம்பு இன்னொரு கரண்டி கேட்டா சுவரு நிக்காதும்பா” என்பான்.

இவர்கள் இத்தனை வருஷமும் வேலை செய்தது ஒரே ஒப்பந்தக்காரரிடம். அவரை எல்லாரும் ரசமட்டம் என்பார்கள். சுவர் சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் கருவியில் ஒரு குமிழி நடுவில் நிற்குமே, அதுபோல எதைக் கேட்டாலும் அவர் ஆம் பக்கமும் சாய மாட்டார், இல்லை பக்கமும் சாய மாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் மழைக்காலம் முடிந்ததும் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் அவருடைய லைசென்ஸும் போகும். இடுப்பு உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினால், வேலையை ஏற்றவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டரம்மா, நாலு அறையும் சுற்றுச்சுவருமாக மருத்துவமனை கட்ட இடம் வாங்கிப் போட்டிருந்தாள். கொத்தனார் கட்டிய சுவரைப் பார்த்தவள். மழை முடிகிறவரை காத்திருக்கிறேன், அதற்குள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வாருங்கள், வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். கிடைக்காவிட்டால் அந்த வேலை மிஷின்காரருக்குப் போகும். அவரிடம் கலவை போடும் மிஷின் இருந்தது. கொத்தனார்களை வரவேற்று நாற்காலி போடுவார். கலவை போடும் பெண்களை மட்டும் வேண்டாம் என்பார். மிஷின் பக்கத்தில் நிற்க இரண்டு ஆம்பிளை போதும் என்பது அவர் கணக்கு. ஆக, லைசென்ஸ் வந்தால் இருவருக்கும் வேலை. வராவிட்டால் ஒருவருக்கு மட்டும்.

முதல் ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள் என்றாலும் எழுத்து அடித்தல் இல்லாமல் வரும். கொத்தனாருக்குப் படம் பார்க்கத் தெரியும், அளவு படிக்கத் தெரியும். கையெழுத்தைச் சுவர் வைப்பதுபோல நிதானமாக வைப்பார். நீளமான வாக்கியம் என்றால் என்னிடம் வந்துவிடும்.

லைசென்ஸுக்கான பரீட்சை, அதைத் தரும் அலுவலகத்தின் பின்முற்றத்தில் நடந்தது. ஆளுக்கொரு தடுப்பு. மணல், சிமெண்ட், ஒரு பீப்பாய் தண்ணீர், செங்கல் எல்லாம் கொடுத்துவிடுவார்கள். நாலு மணி நேரத்தில் பத்து வரி உயரத்துக்கு ஒரு மூலை எழுப்ப வேண்டும், மூலையிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் நீளம். கலவையையும் தானே போட வேண்டும், உதவிக்கு ஆள் கூடாது. கொத்தனார் போய்விட்டு வந்து, அதிகாரி சுவரை இரண்டு தடவை தடவிப் பார்த்தார் என்று மட்டும் சொன்னார். பெயிண்டர் அன்றைக்கே டாக்டரம்மா சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டான்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்த நேரம். கொத்தனார் உறையைக் கிழித்து என்னிடம் நீட்டினார். எனக்கு நாலு பேர் முன்னால் படித்துப் பழக்கமில்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டே படித்தேன். வரைபடம் வாசித்தல், நன்று. சுவர் எழுப்புதல், மிக நன்று. அதற்குக் கீழே இருந்ததைப் படிக்காமல் நிறுத்திவிட்டேன்.

“ம், படி” என்றார்.

“கலவை தயாரித்தல், தகுதியில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது” என்று படித்தேன்.

பெயிண்டர் சிரிக்க ஆரம்பித்து, அக்கா பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

“சரியாத்தான் படிச்சியா?”

தலையாட்டினேன். அவர் கடிதத்தை வாங்கி, கீழ்வரியில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

“மணலு சரியில்ல” என்றார்.

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். “முந்தின நாளு மழை பெஞ்சிருந்துச்சா?”

“பெஞ்சுது.”

“மணல மூடி வச்சிருந்தாங்களா?”

“தெறந்துதான் கெடந்துச்சு. அதுக்கென்ன இப்ப?”

“நீங்க எவ்வளவு தண்ணி ஊத்தினீங்க?”

“நீ ஊத்தறதுதான். பதினெட்டு வருஷமா காதுல விழுந்துட்டுத்தான இருக்கு. அஞ்சு, ஒண்ணு, ஒண்ணு.”

அக்கா தட்டுகளைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அடுப்பில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவள் போல இருந்தாள்.

“அது கணக்கு இல்லங்க” என்றாள்.

“பின்ன?”

“கலவை வருதுன்னு உங்களுக்குச் சொல்ற சத்தம். முத நாளு அந்தக் கணக்குல போட்டேன், அதையே சொல்லிட்டு வரேன். மேல நிக்கற உங்களுக்கு எதுக்கு முக்கா, காலுன்னுட்டு. மழை பெஞ்ச மணலுக்கு நான் என்னைக்கு ஒரு சட்டி தண்ணி ஊத்தியிருக்கேன்?”

அக்கா அதோடு விட்டிருக்கலாம். தொழில் பேச்சு வந்தால் அவளால் பாதியில் நிறுத்த முடியாது. ஈர மணல் ஊதி நிற்கும் என்றாள். சட்டி நிறைந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும், உள்ளே மணல் குறைச்சலாக இருக்கும். அதனால் அரைச் சட்டி மணல் கூடப் போட்டு, தண்ணீரை அரைக்குக் குறைக்க வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒண்ணேகால் வரைக்கும் போகும். தினம் காலையில் ஒரு பிடி மணலை அள்ளிக் கையில் இறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள்.

“தெனமுமா?” என்று கொத்தனார் கேட்டார்.

“தெனமும்தான். நீங்க அப்ப டீ குடிச்சிட்டிருப்பீங்க.”

பெயிண்டரால் இந்தத் தடவை இருமக்கூட முடியவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டான். அந்தப் பக்கம் அவன் சிரிப்பது அரைக்கல் சுவர் வழியாக எங்கள் வீட்டிலும் கேட்டதாக அம்மா பிறகு சொன்னாள்.

மறுபடி பரீட்சை எழுத ஆறு வாரம் கழித்து ஒரு தேதி இருந்தது. மழைக்காலம் முடிய ஏழு வாரம். அடுத்த நாள்தான் அக்கா குழாயடியில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவள் யோசனையை அவளே சொன்னாள்: “அவரு ஒருத்தரு போனா ஒரு வாய்ப்பு. ரெண்டு பேரும் போனா ரெண்டு வாய்ப்பு. அவருக்குச் செவுரு வரும், எனக்குக் கலவை வரும். வராத பாதிய ஆறு வாரத்துல கத்துக்க முடியாதா என்ன?”

ஃபாரத்தோடு அனுபவச் சான்று வேண்டும். ரசமட்டத்திடம்தான் வாங்க வேண்டும். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவருடைய முன்னறையில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அவர் ஃபாரத்தை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். கொத்தனாருக்கு என்றால் உடனே கையெழுத்துப் போடலாம் என்றார். பிறகு, யோசிக்க வேண்டும் என்றார். பிறகு, யோசிக்க என்ன இருக்கிறது என்றும் சொன்னார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“ரிஜிஸ்டர்ல உன் பேரே இல்லையேம்மா. கொத்தனார் ஒண்ணு, சித்தாள் ஒண்ணுன்னுதான் இருக்கும்.”

“அந்தச் சித்தாள் நான்தாங்க.”

“அது எனக்குத் தெரியும். எழுத்துல இல்லியே.”

“பதினெட்டு வருஷத்துல அவரு பேருக்குப் பக்கத்துல ரெண்டு சித்தாளுன்னோ, சித்தாள் வரலன்னோ எங்கயாவது எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்தா நான் எந்திரிச்சுப் போயிடறேன்.”

அவர் நிஜமாகவே பெட்டியைத் திறந்து ரிஜிஸ்டர்களை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தூசிக்குத் தும்மிக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினார். அக்கா அவசரப்படுத்தவில்லை. ஒரு பக்கத்தில் விரல் நின்றது. “இங்க ஒரு வாரம் ரெண்டு பேருமே இல்ல.”

“அவருக்குக் காய்ச்சல். நான் மட்டும் வந்தா யாருக்குக் கலவை போடுவேன்?”

அவர் ரிஜிஸ்டரை மூடினார். மேலும் இரண்டு புரட்டியிருக்கலாம், புரட்டவில்லை. வேலையின் வகை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கலவை என்று போடுங்கள் என்றாள் அக்கா. அவர் ‘கலவை’ என்று எழுதிவிட்டுச் சற்று நிறுத்தி, ‘மற்றும் தரம் பார்த்தல்’ என்று தானாகச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் ஒரு பக்கம் சாய்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கொத்தனார் இரண்டாவது ஃபாரத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் நூறு பழைய செங்கல்லைக் கைவண்டியில் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். அதுதான் பதில் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும், வெளிச்சம் இருக்கிறவரை முற்றத்தில் மறுபடி வேலை. சிமெண்ட் வீணாகாமல் இருக்கச் சேற்றை வைத்துக் கட்டினார்கள். அக்கா மூலை எழுப்புவாள், கொத்தனார் பார்ப்பார். முடிந்ததும் பிரித்துக் கல்லைக் கழுவி அடுக்கிவிடுவார்கள். சாயங்காலம் முளைக்கும் சுவர் இருட்டுவதற்குள் காணாமல் போய்விடும். “ஒரு நாளாவது விட்டு வைங்க மாமா, நான் ஒரு பூச்சு அடிச்சுக்கறேன்” என்று பெயிண்டர் கெஞ்சுவான்.

கொத்தனார் சத்தம் போட்டுத்தான் சொல்லிக்கொடுப்பார்.

“நூலப் பாக்காத. கல்லப் பாரு.”

“கல்லப் பாத்தா நூலு கோவிச்சுக்குதே.”

“கோவிச்சா கோவிச்சுட்டுப் போகட்டும். மூலக்கல்லு ஒக்காந்துடுச்சுன்னா நூலு தானா வரும். தட்டு. அவ்வளவு இல்ல. அது என்ன, தேங்காயா ஒடைக்கற?”

முதல் வாரம் அவள் எழுப்பிய மூலையை அவர் ஒற்றை விரலால் தள்ளினார். மேல் மூன்று வரி சரிந்தது. அக்கா கல்லைக் கழுவினாள். மறுநாள் நிஜ மணலும் கொஞ்சம் சிமெண்டும் வைத்து அவரைக் கலவை போடச் சொன்னாள். போட்டு முடித்ததும் சட்டியைச் சாய்த்தாள். தண்ணீர் தனியாகப் பிரிந்து, முற்றம் தாண்டி, குழாயடிவரை ஓடியது. கணக்கு நேரானது. அதற்குப் பிறகு இருவரும் கொஞ்சம் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

அக்கா சொல்லிக்கொடுப்பதில் சத்தமே இருக்காது. அவரைக் குத்தவைத்து உட்காரச் சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி மணலை இறுக்கச் சொல்வாள்.

“என்ன சொல்லுது?”

“மணலு பேசுமா?”

“நீங்க பேசாம இருந்தா பேசும்.”

அவர் வாயை மூடிக்கொண்டு இறுக்குவார். விரலைத் திறந்ததும் மணல் உதிர்கிறதா, உருண்டையாக நிற்கிறதா, பாதி நின்று பாதி விழுகிறதா என்று அவள் பார்ப்பாள். அவள் கேட்பதற்குள் அவர் தண்ணீர் அளவைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னார். ஐந்தாவது வாரம் தோல்வியே இல்லை. ஆனால் அந்த ஒரு பிடியை அவர் கீழே போடும்போது எப்படியோ அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போகும். சொந்த வீட்டிலேயே இத்தனை நாள் பார்க்காத ஒரு கதவைக் கண்டவர் முகம்.

அந்த ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் மிஷின்காரர் வந்தார். வாசலில் நின்றபடியே முற்றத்தில் பாதி எழும்பியிருந்த சுவரைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அதைக் கட்டியது அக்கா என்று யாரும் திருத்தவில்லை. கொத்தனார் லைசென்ஸ் வாங்கிவிட்டால் தன்னோடு கூட்டாகச் சேர்ந்துகொள்ளலாம், தன்னிடம் இரண்டு மிஷின் இருக்கிறது, கொத்தனாருக்குக் கீழே பத்து கொத்தனார் நிற்பார்கள், சட்டைக் கை மடிப்பு கலையாமல் வேலை பார்க்கலாம் என்றார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “தங்கச்சிக்கும் இனிமே ஓய்வுதான்” என்று சொல்லிக் குடித்தார். கொத்தனார் முடிவாக ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அவர் போன பிறகு அக்கா எழுப்பிய வரிகள் ஒரு விரல் கனம் வெளியே சாய்ந்திருந்தன. கொத்தனாரும் அதைக் கவனிக்கவில்லை.

பரீட்சை நாளன்று பெயிண்டரும் நானும் சாப்பாட்டுத் தூக்கோடு வேலிக்கு வெளியே நின்றோம். மழை விட்டு நாலு நாளாகி, நல்ல வெயில். பன்னிரண்டு தடுப்பு, பதினோரு ஆம்பிளைகள், அக்கா. கொத்தனார் மூன்றாவதில், அவள் எட்டாவதில். மணி அடித்ததும் எல்லாரும் செங்கல்லை நனைக்க ஓடினார்கள். அக்கா மட்டும் மணல் குவியல் முன்னால் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி இறுக்கினாள். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர், “என்னம்மா, மணலுக்கு நாடி பாக்கறியா?” என்று கேட்டுச் சிரித்தார். மூன்றாவது தடுப்பிலும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மணலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்கவில்லை.

அக்கா தண்ணீர் ஊற்றினாள், ஒரு சட்டியும் இன்னொரு கால் சட்டியும். மண்வெட்டியைத் திருப்பி இரண்டு தடவை புரட்டினாள். புரட்டி நிமிர்ந்ததும், பதினெட்டு வருஷப் பழக்கம், அவளை அறியாமல் வந்துவிட்டது:

“அஞ்சு, ஒண்ணு, ஒண்ணு!”

முற்றம் முழுக்க எதிரொலித்தது. மூன்றாவது தடுப்பில் கொத்தனார், அவரை அறியாமல், கையிலிருந்த பலகையைச் சர்ரென்று வழித்துப் போட்டார். அவரே கலந்து வைத்திருந்த நல்ல கலவை. அது மண்ணில் விழுந்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. பெயிண்டர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டான். அதிகாரி வந்து, சத்தம் கூடாது என்று அக்காவை எச்சரித்துவிட்டுப் போனார். கொத்தனார் மறுபடி கலவை போட்டார். அவர் இரண்டாவது தடவையும் மணலைப் பிடித்துப் பார்த்துத்தான் போட்டார் என்பதை நான் கவனித்தேன்.

கடிதங்கள் இரண்டும் ஒன்றாக வந்தன. கொத்தனாருக்குச் சுவர் மிக நன்று, கலவை நன்று. அக்காவுக்குக் கலவை மிக நன்று, சுவர் நன்று. வரைபடத்தில் இருவரும் நன்று. இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். “ஒருத்தர் விடையப் பாத்து ஒருத்தர் எழுதியிருக்கீங்க” என்றான் பெயிண்டர். கொத்தனார் சிரித்தார். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

உறைக்குள் இன்னொரு துண்டுச் சீட்டு இருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். ஒரே முகவரிக்கு ஒரு லைசென்ஸ்தான் தருவார்களாம். மேல்வரியில் உரிமம் பெறுபவர் பெயர். கீழ்வரியில் விட்டுக்கொடுப்பவர் கையெழுத்து. மூன்று நாளில் கொடுத்துவிட வேண்டும்.

அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் பகலிலும் பேசவில்லை. அரைக்கல் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா சீட்டோடு என்னிடம் வந்தாள்.

“அவரு பேர எழுதிடு. கீழ நான் போட்டுக்கறேன்.”

நான் அவளைப் பார்த்தேன்.

“போர்டுல அவரு பேரு இருந்தாத்தான் நாலு பேரு வருவாங்க. ஊருக்குத் தெரிஞ்ச பேரு. எனக்கென்ன, வேலை இருந்தாப் போதும்.”

பேனாவில் மை தீர்ந்துவிட்டது, காலையில் எழுதித் தருகிறேன் என்று சொல்லிச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். மை இருந்தது.

அவள் திரும்பிப் போகும்போதுதான் மிஷின்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. “என்ன, கையெழுத்து ஆச்சா?” என்று கேட்டார். கொத்தனார் முற்றத்தில் அந்த நூறு செங்கல்லையும் அடுக்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க மிஷினு மழை பெஞ்ச மணலுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தும்?”

“மழையென்ன, வெயிலென்ன? குழாயத் தெறந்தா ஊத்திட்டுப் போகுது. எல்லா நாளும் ஒரே அளவு. அதுல கொழப்பமே கெடையாது.”

கொத்தனார் சிரிக்க ஆரம்பித்தார். கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மிஷின்காரரும் என்னவென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

விடியற்காலையில் ஒரு மழை பெய்தது. அந்த வருஷத்தின் கடைசி மழை. முந்தின நாள்தான் டாக்டரம்மாவின் இடத்தில் லாரி மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. மழை விட்டதும் கொத்தனார் எங்கள் வாசலில் வந்து நின்றார். பேனா வேண்டும் என்று கையால் காட்டினார். அம்மாவின் தையல் மிஷின் மேல் சீட்டு இருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். மேல்வரியைத் தாண்டிக் கீழ்வரிக்கு வந்தார். கையெழுத்துப் போட்டார், ஒவ்வொரு எழுத்தையும் தட்டி உட்காரவைத்து. பிறகு சீட்டை என் பக்கம் திருப்பி, மேல்வரியில் விரலால் இரண்டு தடவை தட்டினார். நான் அக்காவின் பெயரை எழுதினேன். இருபத்து நாலு கட்டம் அங்கே இல்லை, நீளமான கோடுதான். எழுத்தைப் பெரிதாகவே எழுதினேன்.

அக்கா குழாயடியில் சட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். மண்வெட்டி அவள் பக்கத்தில் சாய்ந்திருந்தது. கொத்தனார் போய் அதை எடுத்து, கனம் பார்த்துவிட்டுத் தோளில் வைத்தார்.

“ஏங்க, இன்னும் டீகூடக் குடிக்கலயே. இவ்வளவு காலைல எங்க? அது என் மம்பட்டி” என்றாள் அக்கா.

சட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தாண்டி, ஈரத் தெருவில் இறங்கி, மணல் கொட்டியிருந்த பக்கமாக, இன்னொரு கையை இறுக்கித் திறந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.